ஒற்றைக் கம்பியின் மறு கை

மின்சாரம் ஓடுவதற்கு இரண்டு கம்பிகள் வேண்டும் என்பது பாடசாலையில் நாம் கற்ற முதற் பாடங்களுள் ஒன்று. மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து புறப்படும் ஓட்டம், விளக்கினூடாகச் சென்று மறு முனைக்குத் திரும்பி வந்தாலன்றி விளக்கு ஒளிராது. சுற்று ஓரிடத்தில் அறுபட்டால் ஓட்டமும் அற்றுப்போகும்.

இப் பாடத்தை நன்கு கற்ற மாணவர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "அமெச்சூர் வானொலியாளர் சிலர் ஒரே ஒரு கம்பியை மரக்கிளையிற் கட்டி, அதன் மற்ற நுனியைத் தம் கருவியோடு பொருத்திக்கொண்டு பிற நாட்டாருடன் உரையாடுகிறார்கள். கம்பியின் தலைப்போ வெறும் ஆகாயத்தில் நிற்கிறது. அவ்வழியே போன மின்சாரம் எவ்வழியாகத் திரும்புகிறது?" என்பதே அவர் கேள்வி.

கேள்வி சிறிது, அதன் பொருளோ பெரிது. வானொலியிற் பழகிய பலரும் இவ்வாறு கேட்காமலே காலங் கழித்துவிடுவர். ஆதலால் அவருக்கேயன்றி ஏனைய மாணவருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் பயன்படும் எனக் கருதி, விடையை இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

அமெச்சூர் வானொலி என்பது ஊதியங் கருதாது, அறிவின்மேலுள்ள விருப்பத்தால் மட்டும், அரசாங்கத்தின் அனுமதிபெற்று வானலைகளை அனுப்பியும் வாங்கியும் பழகுவதாகும். உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இதில் ஈடுபட்டுள்ளனர். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. இலங்கையரின் குறிகள் 4எஸ் என்று தொடங்கும். இவர்களுள் வசதி படைத்தோர் உயர்ந்த இரும்புக் கோபுரங்களை நாட்டி ஏரியல் அமைப்பர். ஆனால் சிறிய வளவிலே குடியிருப்போருக்கும், மாடி வீட்டின் ஓர் அறையில் வசிப்போருக்கும், கையிற் காசு குறைந்த மாணவருக்கும் ஏற்றது, ஒரு முனையில் மட்டும் மின்சாரத்தை ஊட்டும் ஒற்றைக் கம்பியே. இதனை முனையூட்ட ஏரியல் என்று வழங்குவோம்.

மார்க்கோனி ஏற்றிய பட்டம்

இவ்வகை ஏரியல் புதியதன்று. வானொலியின் வரலாறே இதிலிருந்துதான் தொடங்குகிறது.

1895ஆம் ஆண்டில் இத்தாலியிலே தம் தந்தையாரின் இல்லத்திற் பரிசோதனை செய்த குல்லியெல்மோ மார்க்கோனி, கருவியின் ஒரு பக்கத்தை உயர்த்திய கடத்தியோடும் மற்றப் பக்கத்தைப் பூமியோடும் இணைத்தார். அவ்வளவே, அதுவரை வீட்டைச் சுற்றியே கேட்ட சமிக்ஞை, குன்றைக் கடந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றருக்கு எட்டியது. அவர் உயர்த்திய கடத்தியைப் பலரும் வியந்தனர். ஆயினும் வெற்றியிற் பாதி, மண்ணுக்குச் சென்ற மற்றத் தொடுப்பிலே இருந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1901 டிசம்பர் 12ஆந் தேதி, கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவின் சிக்னல் ஹில் என்னுங் குன்றிலே அவர் ஒரு பட்டத்தை ஏற்றினார். அப் பட்டம் சுமந்து சென்றது சுமார் 500 அடி நீளமான கம்பி. அட்லாந்திக் சமுத்திரத்தின் அக்கரையில், இங்கிலாந்தின் கோண்வோல் மாவட்டத்துப் போல்டு நிலையத்திலிருந்து மோர்ஸ் முறையில் எஸ் என்னும் எழுத்து மீண்டும் மீண்டும் அனுப்பப்பட்டது. நண்பகலுக்குப் பின் 12.30 மணியளவில் மூன்று புள்ளிகளின் ஒலியைத் தாம் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார்.

தைமாதக் காற்றிலே விண் பூட்டிப் பட்டமேற்றும் நம் யாழ்ப்பாணத்துச் சிறுவர், பட்டம் ஒரு நிலையில் நில்லாது என்பதை நன்கறிவர். சிக்னல் ஹில்லிலும் அதுவே நிகழ்ந்தது. பட்டம் ஏறியும் இறங்கியும் அலைந்தபோது, கம்பிக்கும் பூமிக்கும் இடையிலுள்ள மின் கொள்ளளவம் கணந்தோறும் மாறிற்று. அதனால் அவர் கொண்டுசென்ற இசைவுபடுத்திய வாங்கி பயன்படவில்லை. இசைவுபடுத்தாத எளிய கருவியொன்றைத் தொலைபேசிச் செவிக்குழலோடு பொருத்தியே அவர் செவிமடுத்தார்.

பகல் வெளிச்சத்தில் அவ்வளவு தூரத்தை அந்த அலைகள் கடந்திருக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் இன்றும் ஐயுறுவதுண்டு. 1902 பெப்ரவரியில் பிலடெல்பியா என்னுங் கப்பலிற் பயணஞ்செய்து மார்க்கோனி மீண்டும் சோதித்தபோது, இரவில் 2,099 மைல் தூரம்வரை எஸ் எழுத்துக் கிடைத்தது; பகலிலோ சுமார் 700 மைலுக்கு அப்பாற் கிடைக்கவில்லை. எவ்வாறாயினும் பட்டத்தின் அசைவு நமக்கு ஓர் உண்மையைக் காட்டிற்று. வானத்தில் தொங்கும் கம்பி தனியே தொழிற்படுவதில்லை. அதற்கும் பூமிக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படாத தொடர்பு ஒன்று உண்டு.

தொட்டி நீரின் ஆட்டம்

மாணவரின் கேள்விக்கு விடை இவ்விடத்தே தொடங்குகிறது. மின்கலத்தின் ஓட்டம் ஒரே திசையிற் செல்வது. அமெச்சூர் வானொலியில் வழங்கும் ஓட்டமோ ஒரு செக்கனிலே பல இலட்சம் தடவை முன்னும் பின்னும் திரும்புவது. இத்தகைய ஓட்டத்துக்குக் கம்பியின் மறுமுனை அடைபட்டிருத்தல் தடையாகாது.

மாட்டுக்கு நீர் வைக்கும் நீண்ட தொட்டியொன்றைச் சற்றே அசைத்துப் பாருங்கள். நீர் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடித் திரும்பும். தொட்டியின் இரு கோடிகளும் அடைபட்டவையே. அங்கே நீர் ஓடுவதற்கு இடமில்லை. ஆனால் மட்டம் மிகவும் ஏறி இறங்குகிறது. நடுவிலோ மட்டம் அதிகம் மாறுவதில்லை; நீரோட்டமே விரைவாக இருக்கிறது. நீரின் ஓட்டத்தை மின்னோட்டமாகவும், மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வோல்ற்றளவாகவும் கொள்க. அலைநீளத்தின் பாதி அளவுள்ள கம்பியில் நிகழ்வது இதுவே. நுனிகளில் வோல்ற்றளவு மிக அதிகம், ஓட்டம் மிகக் குறைவு. நடுவில் ஓட்டம் அதிகம், வோல்ற்றளவு குறைவு.

பாதி அலைநீளம் என்பது எவ்வளவு? 300 என்னும் எண்ணை மெகாஹேர்ட்ஸில் உள்ள மீடிறனால் வகுத்தால் அலைநீளம் மீற்றரிற் கிடைக்கும். 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு அது சுமார் 42.2 மீற்றர், அதிற் பாதி 21.1 மீற்றர். உண்மைக் கம்பிக்கு நுனிகளின் விளைவும் தடிப்பும் உண்டாதலால் நூற்றுக்கு ஐந்தளவு குறைத்துக்கொள்வர். ஏறக்குறைய 20 மீற்றர், அதாவது 66 அடிக் கம்பி போதுமானது.

வீணையின் ஒரே தந்தி தன் அடிப்படைச் சுரத்தோடு அதன் மடங்குகளையும் எழுப்புவதுபோல, இக் கம்பி 7 மெகாஹேர்ட்ஸில் மாத்திரமன்றி 14, 21, 28 மெகாஹேர்ட்ஸ் ஆகிய பட்டைகளிலும் இசைந்து தொழிற்படும். அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்ட பட்டைகள் சில இவ்வாறு ஒன்றுக்கொன்று மடங்காக அமைந்திருப்பது நமக்கு வாய்த்த நல்லூழ்.

நடுவும் நுனியும்

பாதியலைக் கம்பியை நடுவிலே வெட்டி இரு கைகளாக்கி அங்கே மின்சாரத்தை ஊட்டினால் அதுவே இருமுனைய ஏரியல். அங்கு ஓட்டம் அதிகமும் வோல்ற்றளவு குறைவுமாதலால் தடங்கல் சிறிது. சுமார் 73 ஓம். இக்காலக் கருவிகள் 50 ஓமுக்கு ஏற்றவையாதலால் பெரும்பாலும் நேராக இணைத்துவிடலாம். நுனியில் ஊட்டும்போதோ நிலைமை தலைகீழ். அங்கே தடங்கல் ஈராயிரம் ஓமுக்கு மேற்பட்டதாய் இருக்கும்.

இவ்விரண்டையும் பொருத்துவதற்கு நிலைமாற்றி ஒன்று வேண்டும். பெரைற்று வளையமொன்றில், கருவியின் பக்கம் இரண்டு சுற்றும் கம்பியின் பக்கம் பதினான்கு சுற்றுமாகச் சுற்றினால் சுற்றுக்களின் விகிதம் 1:7. தடங்கலின் விகிதமோ அதன் வர்க்கம், 1:49. ஆகவே 50 ஓம் 2,450 ஓமாக மாறிவிடும். உயர்தர வகுப்பில் நிலைமாற்றியைக் கற்கும் மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.

கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுசெல்வோம். 100 வாற்று வலுவை 2,450 ஓமிற் செலுத்தினால் நுனியில் தோன்றும் வோல்ற்றளவு ஏறக்குறைய 495, ஓட்டமோ 0.2 அம்பியர் மட்டுமே. வெறும் 5 வாற்றுச் சிறுகருவியும் சுமார் 110 வோல்ற்றை எழுப்பும். ஆதலால் கம்பியின் எந்த நுனியையும் ஒருவர் கைக்கு எட்டும்படி விடலாகாது. மீடிறன் மிக்க மின்சாரம் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும்.

மறு கை எங்கே?

ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பது நம்மவர் பழமொழி. நிலைமாற்றி ஒரு நுனியிலிருந்து கம்பிக்கு மின்னேற்றத்தைத் தள்ளும்போது, மற்றை நுனியிலிருந்து அதே அளவை எங்கிருந்தாவது பெற்றாக வேண்டும். முனையூட்டக் கம்பிக்கு நிலத்தொடுப்பு வேண்டியதே இல்லை என்று கூறுவோர் உளர். அது பாதி உண்மை. நுனியில் ஓட்டம் மிகக் குறைவாதலால் மறு கையும் சிறிதாக இருந்தாற் போதும். அலைநீளத்தில் நூற்றுக்கு ஐந்தளவான சிறு கம்பி, அதாவது 7 மெகாஹேர்ட்ஸுக்கு இரண்டு மீற்றர் துண்டு, இதற்கு அமையும்.

அத்துண்டை நாம் கொடுக்காவிட்டால் என்ன நேரும்? இயற்கை தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும். ஏரியலுக்கும் கருவிக்கும் இடையிலே, நடுக் கம்பியைச் சூழ்ந்து உலோகப் பின்னலுறை கொண்ட ஓரச்சு வடம் செல்கிறது. அந்தப் பின்னலின் வெளிப்புறமே மறு கையாகிவிடும். ஓட்டம் அதன்வழியே வீட்டினுள் நுழையும். ஒலிவாங்கியைத் தொட்டால் உதடு சுரீரென்னும். அடுத்த அறையின் ஒலிபெருக்கி உறுமும். கேட்கும்போதும் இன்னல் உண்டு. இக்காலத்து எல்ஈடி விளக்குகளும் மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சல் அதே வழியாக வாங்கியினுட் புகுந்து, தொலைதூரத்து மெல்லிய குரலை அமிழ்த்திவிடும்.

இதற்குப் பரிகாரம் எளிது. ஊட்டும் முனையை வீட்டுச் சுவரிலிருந்து விலக்கி வைத்து, சிறு மறுகம்பியைக் கொடுத்து, வடம் வீட்டினுட் புகுமுன் அதனைப் பெரைற்று வளையத்திற் பல சுற்றுச் சுற்றிவிட்டால் வெளிப்புற ஓட்டம் தடுக்கப்படும்.

நிலமே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கும் முன்னோர் வழி கண்டனர். செர்மனியிலே செப்பலின் ஆகாயக் கப்பல்கள் பறந்த நாளில், ஏரியற் கம்பி கப்பலிலிருந்து கீழே தொங்கவிடப்பட்டது. கப்பலை மிதக்கச் செய்தது எளிதிற் றீப்பற்றும் ஐதரசன் வாயு. உயர் வோல்ற்றளவால் ஒரு சிறு பொறி தெறித்தாலும் பேராபத்து. 1909ஆம் ஆண்டுக் காப்புரிமம் ஒன்றில் ஹான்ஸ் பெக்கரோ என்பவர் காட்டிய வழி இது: பாதியலைக் கம்பியின் மேல் நுனிக்குக் கப்பலிலிருந்து இரட்டைக் கம்பிப் பாதையொன்று கால் அலைநீளத்துக்குச் செல்லும். அதில் ஒன்று ஏரியலோடு சேரும். மற்றது எதனோடுஞ் சேராது நின்றுவிடும். உயர் வோல்ற்றளவு வாயுவை விட்டுத் தொலைவிலே தங்கிற்று. எதனோடுஞ் சேராத அந்த இரண்டாங் கம்பியே மறு கை. இன்றும் அமெச்சூர்கள் இதனைச் செப்பலின் ஏரியல் என்றே அழைக்கின்றனர்.

ஒரு நீண்ட கம்பியின் சாதனை

தொழின்முறை நிலையங்கள் நெடிய அலைகளையே பெரிதாக மதித்த காலத்தில், அமெரிக்க அரசாங்கம் 1912இல் அமெச்சூர்களை 200 மீற்றருக்குக் குறைந்த அலைகளுக்கு ஒதுக்கியது. பயனற்றவை எனக் கருதப்பட்ட அலைகள் அவை. 1921 டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர்கள், தம் சமிக்ஞை அட்லாந்திக்கைக் கடக்குமா என்று அறிய, போல் கொட்லி என்பவரை ஸ்கொட்லாந்தின் ஆர்ட்ரொசன் கடற்கரைக்கு அனுப்பினர். மழையும் குளிரும் மிக்க வெளியிலே கூடாரமடித்து, ஹரல்ட் பெவரேஜ் வகுத்த முறைப்படி, சுமார் 1,300 அடிக் கம்பியைத் தாழ்ந்த கம்பங்களின்மேல் நீட்டி, அதன் ஒரு முனையில் வாங்கியைப் பொருத்தினார் அவர். கனெக்டிகட் மாநிலத்திலிருந்த 1பீசீஜீ என்னும் அமெச்சூர் நிலையத்தின் செய்தி அவருக்குத் தெளிவாகக் கிடைத்தது. 1923 நவம்பரில், சுமார் 100 மீற்றர் அலையிலே, அமெரிக்க அமெச்சூர்களும் பிரான்சு நாட்டு அமெச்சூர் ஒருவரும் சமுத்திரத்துக்கு மேலாக இருவழியும் உரையாடினர். ஒதுக்கப்பட்டவர்களே சிற்றலையின் வலிமையை உலகுக்கு உணர்த்தினர்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு

அலைகளை அனுப்புவதற்கு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பரீட்சையிற் றேறி அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். அதற்குமுன் கேட்டுப் பழகலாம். ஆனால் சாதாரண சிற்றலை வானொலியில் அமெச்சூர்களின் பேச்சு வாத்தின் குரல்போல உருவழிந்தே கேட்கும். ஒற்றைப் பக்கப்பட்டையைத் தெளிவாக்கும் வசதியுள்ள வாங்கி வேண்டும்.

கம்பி எதுவாயினும் குற்றமில்லை. உறையிட்ட மெல்லிய செப்புக் கம்பி நன்று. மரத்தின்மேல் நேராகக் கட்டாது, நைலோன் கயிற்றையும் காவலித் துண்டையும் இடையிற் கொடுத்துக் கட்டுக. மரம் காற்றில் ஆடுமாதலால் கம்பியைச் சற்றே தளரவிடுக. வளவு குறுகியதாயின் கம்பியை நேராக நீட்டாமல், தலைகீழான வி எழுத்துப்போல நடுவை உயர்த்தலாம். எல் எழுத்துப்போல மடக்கவும் செய்யலாம்.

மின்சாரக் கம்பிகளுக்கு மேலாகவோ கீழாகவோ அருகாகவோ ஏரியலைக் கொண்டுசெல்லாதீர்கள். எறிந்த கயிறு மின்கம்பியிற் பட்டால் உயிருக்கே கேடு. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் மாலைகளில், முகில் கருக்குமுன்னரே ஏரியலைக் கருவியினின்று கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுங்கள். இடி தொடங்கியபின் கம்பியைத் தொடவே கூடாது. பெற்றோர் இவ்விரண்டிலும் கண்டிப்பாக இருத்தல் வேண்டும்.

உயரம் கிடைக்கவில்லையே என்று வருந்துவோருக்கு ஒரு சொல். 7 மெகாஹேர்ட்ஸில், ஐந்தாறு மீற்றர் உயரத்திற் கிடையாகக் கட்டிய கம்பி, தன் அலைகளிற் பெரும்பகுதியை நேர்மேலே செலுத்துகிறது. அவை வளிமண்டலத்தின் மேலேயுள்ள அயன மண்டலத்திற் பட்டு, மழைபோலச் சுற்றுப்புறமெங்கும் இறங்கும். அந்த மண்டலத்தின் இருப்பை எட்வட் அப்பிள்ற்றன் 1924இல் நிறுவி, 1947இல் நோபல் பரிசு பெற்றார். வடக்குத் தெற்காகச் சுமார் 430 கிலோமீற்றர் நீளமுள்ள நம் தீவு முழுவதற்கும், இடையில் மலைநாடு எழுந்து நிற்பினும், இவ்வாறு பகலிற் பேச இயலும். உயரக் குறைவு இங்கே குணமாகிவிடுகிறது.

கம்பிகள் அறுந்த நாள்

2004 டிசம்பர் 26ஆந் தேதி காலையில் கடல் எழுந்து நம் கிழக்குக் கரையையும் தென்கரையையும் வடகரையின் பல ஊர்களையும் அழித்தபோது தொலைபேசிகள் பல இடங்களில் ஊமையாயின. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று அறிய வழியின்றித் தவித்த இல்லங்கள் எத்தனை! அந்நாட்களில் இலங்கை அமெச்சூர்கள் அம்பாந்தோட்டைப் பகுதிக்குச் சென்று சிற்றலை மூலம் கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தினர். அந்தமான் தீவின் போட் பிளேயரில் உலக அமெச்சூர்களுடன் பேசுவதற்கென்றே தங்கியிருந்த பாரதி பிரசாத் என்னும் இந்தியப் பெண்மணி, அப் பணியை நிறுத்தி, துயருற்றோரின் செய்திகளை வெளியே எடுத்துச் செல்வதில் இறங்கினார்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி உண்டு. அதன் பின்னாலுள்ள கோபுரமும் மின்வழங்கலும் நிலத்தடி வடமும் வேறொருவர் பொறுப்பில் இருக்கின்றன. அவை யாவும் நன்றே. ஆயினும் அவற்றுள் ஒன்று நின்றுபோனால் பேச்சும் நின்றுபோகும். ஒரு கார் மின்கலம், ஒரு சிறு கருவி, 66 அடிக் கம்பி, ஒரு மரம், அவற்றைப் பொருத்தத் தெரிந்த ஒருவர் — இவை இருக்குமிடத்திற் செய்தி போகும். இவற்றுள் கடையிற் கிடைக்காதது ஒன்றே. அது அந்த ஒருவரின் பயிற்சி. ஆபத்து வந்தபின் அதனைப் பெற இயலாது.

ஆகவே கேள்வி கேட்ட மாணவருக்கு நம் விடை இது: உமது கம்பியில் ஓடும் மின்சாரம் திரும்புவதற்கு இரண்டாவது கம்பி எப்போதும் உண்டு. சிலவேளை அது மண். சிலவேளை இரண்டு மீற்றர்த் துண்டு. சிலவேளை நீர் அறியாமலே உமது வடத்தின் வெளிப்புறம். அது எங்கே என்று தேடிக் கண்டவனே ஏரியலை ஆளத் தெரிந்தவன். வருகின்ற பாடசாலை விடுமுறையில் உமது விஞ்ஞான ஆசிரியரைத் துணைகொண்டு ஒரு கம்பியை அளந்து வெட்டிக் கட்டிப் பாரும். மாலை மங்கும் வேளையில் 7 மெகாஹேர்ட்ஸில் எந்தெந்த ஊரின் குரல்கள் எழுகின்றன என்று ஒரு கொப்பியிற் குறித்து வாரும். பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நாள் தானே வந்துசேரும்.